ஆம்பூரில் ஏது பனி?

போன வாரம் வலது மணிக்கட்டு வீங்கிப்போய், வேலூரில் ஓர் எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“எப்படி விழுந்தீங்க?”

“ஸ்கீயிங் பண்ணும்போது, சார்.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

“எங்க, மணாலியா?”

“இல்ல சார். ஆம்பூர் பக்கத்துல.”

என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றிருந்த என் தம்பி எபியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆம்பூர்ல ஏதும்மா பனி?”

கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நியாயமான கேள்விதானே? மார்கழியில் புல் நுனி நனைகிற அளவுக்கு ஏதோ விழும். மற்றபடி நம் பக்கத்தில் வெயில், அதிக வெயில் என்று இரண்டே பருவங்கள்.

எலும்பு உடையவில்லை, ஜவ்வு இழுத்திருக்கிறது என்று கட்டுப் போட்டார். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றும் கேட்டார். வெளியே வரிசையில் அத்தனை பேர் காத்திருந்தார்கள். அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். இடது கையால் டைப் செய்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களாக நான் எழுதும் இந்தப் பக்கத்தில் சலிப்பு ஜாஸ்தியாகத் தெரிகிறது என்று உங்களில் சிலர் சொல்லியிருந்தீர்கள். மறுக்கவில்லை. ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் சூப்பர்வைசர் வேலை எனக்கு. நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறார். அவர் வரும்போது நான் வேலையில் இருப்பேன், நான் வரும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். இதற்கு நடுவே எபி வேறு மிலிட்டரியை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான்.

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரியில் இருப்பது புதிதில்லை. ஆனால் எபி போன வழி கொஞ்சம் வேறு. காஷ்மீரில் இருக்கும்போது யாரோ ஓர் ஆபீசர் அவன் ஓடுவதைப் பார்த்து ஸ்கீ டீமில் சேர்த்துவிட்டிருக்கிறார். டிவியில் மலையுச்சியிலிருந்து சரேலென்று இறங்குவார்களே, அது இல்லை. இது கிராஸ் கன்ட்ரி. காடு, மேடு, சமவெளி என்று பனி மேல் மைல் கணக்கில் தன் காலாலேயே தள்ளித் தள்ளிப் போவது. குதிகாலைக் கட்டமாட்டார்கள், கால் நுனி மட்டும்தான் பலகையில் மாட்டியிருக்கும். கையில் இரண்டு குச்சி. வெயிலில் வளர்ந்தவன் அதில் ஊறிவிட்டான். பந்தயங்களில் ஓடினான், பிறகு புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தான்.

அப்புறம் முட்டி போனது. சர்வீஸும் முடிந்தது. வந்துவிட்டான்.

ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நின்றுவிட்டான். இன்னொன்று. அதிலும் நின்றுவிட்டான். பிறகு குடி. சத்தம் போடுகிற, அடிக்கிற குடி இல்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து அமைதியாக ஆளையே கரைக்கிற குடி. அவன் மனைவி சுகந்தி டீச்சர். ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவார்கள். களைத்துப்போய்ப் போகிறவர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, இட்லியும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் அறையிலேயே எதிலோ கால் இடறி, குழம்புத் தூக்கு தப்பியது பெரிய விஷயம். முழ நீளத்துக்கும் மேலே இரண்டு அலுமினியக் கம்பிகள், முன்னும் பின்னும் சின்னச் சக்கரம்.

“இன்னாடா இது?”

“ரோலர் ஸ்கீ.”

“அப்டின்னா?”

“பனி இல்லாத மாசத்துல இத கட்டிக்கினு ரோட்டுல ஓடுவோம். கால் மறந்துடக் கூடாதில்ல. பின்னாடி சக்கரம் முன்னால மட்டும்தான் சுத்தும். ரிவர்ஸ்ல வராது. தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். அவன் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான். பிரேக் கிடையாது என்றான். பனியில் இது எப்படி மாறும், ஸ்வீடன்காரர்கள் எப்படி ஓடுகிறார்கள், ஈரப் பனிக்கு எந்த மெழுகு, காய்ந்த பனிக்கு எந்த மெழுகு... இட்லி ஆறிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் தம்பி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுகிறான்.

அவன் நிறுத்தியதும் சொன்னேன்: “எனக்குக் கத்துக்குடேன்.”

“உனக்கா?”

“ஆமா. டாக்டர் நடக்கச் சொல்லிகினே இருக்காரு. காலையில அஞ்சு மணிக்கு வர்றேன்.”

எனக்கு ஸ்கீயிங் மேல் ஆசையா? ஒரு துளி கிடையாது. கணக்கு வேறு. விடிகாலையில் அக்கா வந்து வாசலில் நிற்பாள் என்றால் முந்தின சாயங்காலம் கொஞ்சமாவது கம்மியாகக் குடிப்பான் அல்லவா? அவ்வளவுதான். என் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை அவனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கொடுக்கும்போதே அழுகை வந்தது, அது வேறு.

அவனுடைய பழைய டீம் தோஸ்த் ஒருவர் உத்தராகண்டிலிருந்து ஒரு ஜோடி ரோலர் ஸ்கீயும், பழைய பூட்ஸும் அனுப்பி வைத்தார். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவள், இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு சமாளித்தேன்.

இடம்? ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி ஒரு லேஅவுட் இருக்கிறது. வாசலில் பெரிய வளைவு, உள்ளே வழுவழுவென்று தார் ரோடு, வரிசையாக மனைக்கல். வீடு மட்டும் ஒன்று கூட வரவில்லை. ஆடு மேய்கிறது. எங்கள் இருவருக்காகவே போட்டு வைத்த மாதிரி இருந்தது.

முதல் நாள் ஸ்கீயே மாட்டவில்லை.

“மொதல்ல ஒத்தக் கால்ல நில்லு.”

“எதுக்குடா?”

“நில்லுக்கா.”

நின்றேன். ஆடினேன். மறு காலை ஊன்றினேன். மறுபடி நின்றேன்.

“வலது ஓகே. இடதுல நில்லு. ... பாத்தியா, கால் மாத்தவே உனக்கு பயம். நீ எப்பவும் ரெண்டு கால்லயும் பாதிப் பாதியா நிக்கிற. அப்டி நின்னா நடக்கலாம், சமைக்கலாம். சறுக்க முடியாது.”

பின்னால் எனக்குப் புரிந்தது, இந்த வித்தையே மொத்தத்தில் இவ்வளவுதான். ஒரு காலால் ஊன்றித் தள்ள வேண்டும். உடம்பின் எடை மொத்தமும் அடுத்த காலுக்குப் போய்விட வேண்டும். அந்த ஓட்டம் தீரும்வரை அந்த ஒரு காலை நம்பி அதன் மேலேயே நிற்க வேண்டும். இடையில் பயந்து மறு காலைக் கீழே வைத்தால் ஓட்டம் செத்துவிடும். பிறகு அடுத்த கால். இவ்வளவுதான். இந்த ‘இவ்வளவுதான்’ கைக்கு வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

முதலில் ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு, குழந்தைகள் ஸ்கூட்டர் தள்ளுகிற மாதிரித் தள்ளினேன். பிறகு இரண்டிலும். குச்சியைக் கடைசியில்தான் கையில் கொடுத்தான். “குச்சி இருந்தா அதும் மேல சாஞ்சிப்ப. கால் சோம்பேறி ஆயிடும்.” விழக் கற்றுக்கொடுத்தான். கையை ஊன்றாதே, பக்கவாட்டில் இடுப்பை வைத்து உட்கார்ந்த மாதிரி விழு. எழக் கற்றுக்கொடுத்தான். இரண்டு ஸ்கீயையும் ஒரே பக்கம் சேர்த்து வை, முட்டி போடு, அப்புறம் ஒரு கால். நான் எழுந்திருக்கும்வரை கைகொடுக்க மாட்டான். தள்ளி நின்று பார்ப்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பழைய எபி அங்கே வந்து நிற்பான்.

எல்லா நாளும் அல்ல. சில நாள் கண் சிவந்து, வாய் நாற வந்து நிற்பான். சில நாள் நான் கதவைத் தட்டியபடியே நிற்பேன், திறக்கமாட்டான். தட்டி ஓய்ந்து திரும்பி வந்து, குளித்து, கம்பெனிக்குப் போய் ஷூவில் குறை தேடுவேன். மறுநாள் மறுபடி போவேன். ஏன் போனேன் என்று கேட்டால் பெரிய பதில் எதுவும் இல்லை. போகாமல் இருக்கவும் சக்தி வேண்டுமே.

லேஅவுட்டில் சுற்றிச் சுற்றி அலுத்து, சர்வீஸ் ரோட்டுக்கும் போக ஆரம்பித்தோம். அங்கேதான் வம்பு. எங்கள் கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் ஆள் ஏற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் லைனில் வேலை செய்யும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. காலையில ரோட்டுல சக்கரம் கட்டிக்கினு போனது நீங்கதான?”

“நான்தான்.”

“ரெண்டு கையிலும் கோல் வேற. எதனா வேண்டுதலா மேடம்?”

யோசித்துப் பார்த்தேன். “ஆமா,” என்றேன். “வேண்டுதல்தான்.”

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், “நல்லபடியா நெறவேறும் மேடம்,” என்றாள். கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

குளிர்காலத்தில் வீட்டுக்காரருக்கு ரயில்வே பாஸ் இருந்தது. எபியின் தோஸ்த், “அக்காவைக் கூட்டிக்கிட்டு வா, அசல் பனியில விடுவோம்,” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் உத்தராகண்டுக்குக் கிளம்பினோம். சுகந்தியையும் கூப்பிட்டேன். “ஸ்கூல் இருக்கு அண்ணி,” என்றாள். அப்புறம், “அங்க அவர பாத்துக்குங்க,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அசல் பனி எப்படி இருந்தது? சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோபம்தான். இத்தனை மாதம் கற்றது பாதி செல்லவில்லை. தார் ரோட்டில் சக்கரம் பின்னால் வராது, நம்பித் தள்ளலாம். பனியில் சரியான நொடியில் காலை அழுத்தி மிதிக்க வேண்டும். தவறினால் கால் வழுக்கிப் பின்னால் போய்விடும், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்போம். பலகைக்கு அடியில் மீன் செதிள் மாதிரிச் செதுக்கியிருப்பது அந்த ஒரு நொடி பனியைப் பிடித்துக்கொள்ளத்தான். மேட்டில் ஏற பாதத்தை வாத்து மாதிரி விரித்து வைக்க வேண்டும். இறக்கத்தில் பலகையின் முன்முனைகளைச் சேர்த்து, குதிகாலை வெளியே தள்ளி வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் இறக்கத்தில் எல்லாவற்றையும் மறந்து உட்கார்ந்துவிடுவேன். அதுவும் ஒரு பிரேக்தான்.

வீட்டுக்காரர் பலகையைத் தொடவேயில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீ கடையில் உட்கார்ந்துவிட்டார். “பிரேக் இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன். சர்வீஸ் போய்டும்.”

முதல் இரண்டு நாள் எபி சந்தோஷமாகத்தான் இருந்தான். புல்வெளி மேல் படிந்த பனியில் தோஸ்த் இரட்டைத் தடம் போட்டு வைத்திருந்தார், தண்டவாளம் மாதிரி. அதில் என்னை முன்னால் விட்டுப் பின்னாலேயே வந்து திருத்துவான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆர்மிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். எங்களைத் தாண்டிப் போனபோது காற்று மட்டும்தான் தெரிந்தது. அவர்களுடைய கோச் எபியை அடையாளம் கண்டுகொண்டு நின்றார். இருவரும் ஒன்றாக ஓடியவர்களாம். கட்டிப்பிடித்தார், முதுகில் தட்டினார். இந்தியில் ஏதோ கேட்டார். எபி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இன்னா கேட்டாரு?”

“இப்ப இன்னா பண்றேன்னு.”

“நீ?”

“நீ இங்கயே ரவுண்டு அடிச்சிகினு இரு. தோ வர்றேன்.”

தேவதாரு மரங்களுக்குள் போகிற தடத்தில் போய்விட்டான். நான் சுற்றினேன். மறுபடி சுற்றினேன். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. வரவில்லை. போன் எடுக்கவில்லை. தோஸ்த் சாமான் வாங்க பஜாருக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் டீ கடையில் இருந்தார், நடந்து போனால் பனியில் முட்டிவரை புதைவார். யார் போவது?

போனேன்.

எப்படிப் போனேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மேட்டில் வாத்து நடை நடந்தேன். ஓர் இறக்கத்தில் கவிழ்ந்தேன், மூக்கெல்லாம் பனி. எழுந்தேன். மனம் முழுக்க சுகந்தி சொன்ன அந்த ஒரு வாக்கியம். நடுவில் ஒரு நீளமான சமதளம் வந்தது. அங்கே காலைப் பற்றி யோசிக்க மறந்துபோனேன். தள்ளினேன், போனது. தள்ளினேன், போனது. பலகை பனியில் உரசுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. முதல் முதலாக எனக்கு அது வந்தது, யாரும் பார்க்காதபோது. அனுபவிக்க நேரம் இல்லை.

தடம் வளைகிற இடத்தில் ஸ்கீயைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு ரம் பாட்டில். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் குறைந்திருந்தது. காலையிலேயே எங்கோ வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தானாம்.

மூச்சு வாங்க நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“அவனுக்கு இன்னா பதில் சொன்னேன் தெரியுமா? கோச்சிங் அகாடமி வச்சிருக்கேன்னு சொன்னேன். ஆம்பூர்ல.”

என் குச்சிகளைப் பனியில் ஊன்றி வைத்தேன்.

“நீ எனக்காகத்தான் இத கத்துக்கிறேன்னு எனக்குத் தெரியும்கா. காலையில எழுப்பறதுக்கு.”

“தெரிஞ்சா சரி.”

“உனக்கு பேஜாரா இல்ல?”

“இருக்குது. நெறய இருக்குது.”

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அழுதால் மூக்குக்கண்ணாடியில் பனி பிடிக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

“நீ எப்டி வந்த?” என்றான் திடீரென்று.

“எப்டி வருவாங்க? சறுக்கிக்கினுதான்.”

“அந்த எறக்கத்துல?”

“விழுந்தேன்.”

எழுந்து வந்து, நான் வந்த தடத்தைக் குனிந்து பார்த்தான். தடத்தின் இரண்டு பக்கமும் குச்சி குத்திய ஓட்டைகள். கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே போனான். திரும்பி வந்தான்.

“வலது பக்கம் நல்லா போயிருக்கு. இடதுல நீ நிக்கவே இல்ல. பாதியிலயே குச்சி ஊனிட்ட. எத்தினி தடவ சொல்றது?”

குடித்த வாயால்தான் சொன்னான். ஆனால் சொன்னது வாத்தியார். பாட்டிலைக் கையில் எடுத்தான். கொட்டினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொட்டவில்லை. மூடி ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டான். ஸ்கீயை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தான். “இடது... நில்லு, நில்லு, அவசரப்படாத... இப்ப மாத்து.” டீ கடைவரைக்கும் இதே பாட்டு.

ஊருக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இந்தக் கேள்வியை வேண்டியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் யாராவது பதில் சொன்னால் தேவலை. நல்ல வாரங்கள் வந்தன. ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கப் போனான். திருப்பத்தூருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தான். சுகந்தி டீ கொடுத்தாளாம். “வீட்டுக்கு வர்றேன்னு சொல்லல. வரமாட்டேன்னும் சொல்லல,” என்றான்.

போன வாரம் ஒரு நாள் கதவு திறக்கவில்லை. தட்டினேன். போன் செய்தேன். உள்ளே மணி அடிப்பது கேட்கிறது, எடுக்கவில்லை. பழகிய விஷயம்தான், ஆனால் நடுவில் சில நல்ல வாரங்கள் வந்துவிட்டால் பழக்கம் விட்டுப்போகிறது. வெறுப்பில் நான் தனியாக லேஅவுட்டுக்குப் போனேன். ஸ்கீயை மாட்டினேன். மலைப்பக்கத்திலிருந்து இறங்குகிற ரோட்டில், அவன் எப்போதும் போகாதே என்கிற இறக்கத்தில், போனேன். கோபத்தில் நல்ல வேகம் வருகிறது. நிற்கத்தான் வரவில்லை. விழும்போது கற்றுக்கொடுத்ததெல்லாம் மறந்து கையை ஊன்றினேன்.

ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருவர்தான் என் போனை எடுத்து எபிக்கு அடித்தார். மறுபடி மறுபடி அடித்தார். கடைசியில் எடுத்திருக்கிறான். தாடியும் லுங்கியுமாகப் பைக்கில் வந்து நின்றபோது அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்படியே என்னை வேலூருக்குக் கூட்டிப் போனான். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

“நேத்து குடிச்சிட்டேன்கா.”

“தெரியுது.”

“இனிமே—”

“சொல்லாத எபி. எனக்குக் கேக்கத் தெம்பில்ல. நாளைக்குக் காலையில வா. அது போதும்.”

“கை இப்டி இருக்குதே?”

“நான் எங்க ஓட்டப் போறேன்? நீ ஓட்டு. நான் சும்மா வந்து உக்கார்றேன்.”

மறுநாள் வந்தான். குளித்து, சவரம் செய்து வந்தான். என்னைப் பைக்கில் உட்கார வைத்து லேஅவுட்டுக்குக் கூட்டிப் போனான். நான் ஒரு மனைக்கல் மேல் உட்கார்ந்தேன். அவன் ஸ்கீயை மாட்டினான்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் அவன் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் எனக்குப் பக்கத்தில் மெதுவாக, அல்லது பின்னால். பனியிலும் அப்படித்தான்.

தள்ளினான். ஒரு காலின் மேல் நின்றான். நின்றபடியே போனான், போனான்... மறு காலை எப்போது மாற்றினான் என்று தெரியவில்லை. தோள் ஆடவில்லை. பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு நீளம், மறுபடி ஒரு நீளம். கெட்டுப்போன முட்டியோடு, முந்தாநாள் குடித்த உடம்போடு. ஆடுகள் கூட மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கின. இவ்வளவு அழகான விஷயமா இது? அப்படியானால் இத்தனை நாள் நான் செய்துகொண்டிருந்தது என்ன?

இடது கையால் போனில் வீடியோ எடுத்தேன். கொஞ்சம் ஆடித்தான் வந்தது. சுகந்திக்கு அனுப்பினேன், எதுவும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. பதில் வரவில்லை. சரி, பள்ளிக்குக் கிளம்பும் நேரம், என்று போனை மடியில் வைத்தேன்.

அவன் கடைசிவரை போய்த் திரும்பி வருவதற்குள் வந்தது.

‘முட்டி வலி எடுக்கப் போவுது. மெதுவா போகச் சொல்லுங்க அண்ணி.’

வேர்வையோடு வந்து நின்றவனிடம் போனைக் கொடுத்தேன். படித்தான். மறுபடி படித்தான். போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டான்.

நான் இறங்கித் தரையில் உட்கார்ந்து, மனைக்கல்லில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். விடிந்து, வெயில் ஏற ஆரம்பித்த பிறகு, வெட்டவெளியில், கையில் கட்டோடு... எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு நல்ல தூக்கம்.